குகதாசனிடமிருந்து குகதாசனுக்கு

1

இந்தக் கதை ஒரு எழுத்துப் பிழையில் பிறந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஒஸ்லோவின் ரொம்சோஸில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஓடிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டுக் கடைக்குப் போனவர் என் மனுசன். நான் லீக்ஸ் வெட்டிக்கொண்டு, எழும்பி அதை நிறுத்தப் பஞ்சிப்பட்டு இருந்தேன். திரையின் அடியில் வர்ணனையாளரின் பெயர் வந்தது. அடுத்த நிமிடம் பந்தோடு ஒரு பெடியன் கூடைக்கு எழும்பினான். அவன் முதுகிலும் அதே பெயர். யாரோ கணினியில் மாற்றிப் போட்டுவிட்டார்கள், வெள்ளைக்காரனுக்கு எங்கள் பெயரெல்லாம் ஒன்றுதானே என்று தனியாகச் சிரித்தேன். வர்ணனையாளர் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னபோது சிரிப்பு நின்றுவிட்டது. அது பிழை இல்லை.

ஒரு விளக்கம். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அகதியாக வந்து இறங்கியபோது நோர்வே அதைக் கேட்டது. கேட்டதற்கு ஏதாவது கொடுக்கவேண்டும் என்பதால் பிள்ளைகளுக்கு அப்பாவின் பெயரைக் கொடுத்தோம். ஆகவே ஒரே கடைசிப் பெயரோடு இரண்டு பேரைக் கண்டால் நோர்வேக்காரர் இரண்டு ஹான்சன்களைக் கண்டதுபோல் போய்விடுவார். தமிழர் அப்படிப் போகமாட்டார். ஒன்றில் இரண்டு பேருடைய அப்பாமாருக்கும் தற்செயலாக ஒரே பெயர், அல்லது இரண்டு பேருக்கும் ஒரே அப்பா.

முதலாவது என்றால் கதை இல்லை. அதனால் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். அந்த நிஜ மனிதர்கள் இருவரையும் எனக்குத் தெரியாது. திரையில் இருந்த பெயரும் குகதாசன் இல்லை. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

"ஹரிசன் குகதாசனுக்குக் காலையிலிருந்தே முழங்கால் வலித்தது."

இது என் முதல் தொடக்கம். வெட்டிவிட்டேன். விளையாட்டு வீரர்களின் கதை எல்லாம் முழங்காலில்தான் தொடங்குகிறது.

"அரங்கம் அதிர்ந்தது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள்"

இதை முடிக்கவேயில்லை. ஒஸ்லோவில் கூடைப்பந்துக்கு எந்த அரங்கமும் அதிர்வதில்லை. ஒரு பாடசாலை மண்டபம், மடித்து வைக்கிற இருக்கை வாங்குகள், வாசலில் வாஃபல் சுட்டு விற்கும் பெற்றோர், அவ்வளவுதான்.

"பதினான்கு வருடம் ஹரிசன் தன் அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினான்."

இதை வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் மிகை, ஆனால் பொய்யில்லை. சட்டையின் பின்பக்கம் எப்போதும் குகதாசன்தான். ஹரிசன் என்ற சொந்தப் பெயரை எந்த மைதானத்திலும் எவரும் கத்தியது கிடையாது.

குகதாசன் என்று பெயர் வைத்ததற்குக் காரணம் உண்டு. நோர்வேக்காரர் அதை 'கூ-காத்தா-சன்' என்று உடைப்பார்கள். கூ என்றால் பசு. காத்தா என்றால் தெரு. பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பட்டம் 'பசுத்தெரு'. வளர்ந்து கூடைப்பந்தில் பெயர் எடுத்த பிறகு அதே பட்டம் கூட்டத்தின் கோஷம் ஆனது. "கூகாத்தா! கூகாத்தா!" என்று கால்களால் வாங்கைத் தட்டுவார்கள். அவன் கையைத் தூக்கிச் சிரிப்பான். உள்ளுக்குள் அது எப்படி இருந்தது என்று எழுத ஒரு பந்தி போட்டேன், அழித்துவிட்டேன். உங்கள் அப்பாவின் பெயரை நூறு பேர் பசுத்தெரு என்று கத்தினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் இரண்டாம் பிரிவு, பிறகு சுவீடன், கடைசியில் திரும்பவும் ஒஸ்லோ. வாடகை அறையில் இரண்டு பேர், நீண்ட பஸ் பயணம், முழங்காலுக்கு ஊசி, அந்த ஊசியும் கேட்காமல் போன ஒரு குளிர்காலம். (பார்த்தீர்களா, முழங்கால் வந்தே விட்டது.) ஆட்டம் நின்றபோது அவனிடம் வேறு தொழில் இல்லை, மனைவி இல்லை, நண்பர்கள் நாலு நாட்டில் நாலு மொழியில் இருந்தார்கள். மிஞ்சியது குரல். இணையத்தில் உள்ளூர் விளையாட்டுக் காட்டும் ஒரு சின்ன நிறுவனம் அவனை மைக்குக்கு முன்னால் இருத்திப் பார்த்தது. நன்றாக வந்தது. அங்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லாதே, தெரியாததைச் சொல். இரண்டாவது: ஆட்டக்காரரைக் கடைசிப் பெயரால் கூப்பிடு.

3

ஹரிசனின் அம்மா ராசமலர். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில் அடுக்குமாடி வீடு, முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய வரவேற்பறையில் குகதாசனின் படம் மாலையோடும் மின்விளக்கோடும் தொங்குகிறது. போர்நிறுத்தம் இருந்த சமாதான காலத்தில் ஒரு பங்குனி மாதம், காணியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போன மனிதர் திரும்பி வரவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் எல்லாம் முடிந்தபோது, அங்கே அகப்பட்டு இறந்துவிட்டார் என்று ராசமலர் எல்லாருக்கும் அறிவித்தார். ஆட்கள் வந்து அழுதார்கள். இறந்த நாள் தெரியாது என்பதால் அவர் விமானம் ஏறிய நாளின் திதியைத் திவசமாக்கினார். வருடா வருடம் ஐயர் வருவார், ஹரிசன் இருந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பான்.

உண்மை வேறு. ஊருக்குப் போன அடுத்த வருடமே குகதாசன் டென்மார்க்கிலிருந்து போன் எடுத்து, இஞ்சை எனக்கு வேறை குடும்பமாப் போச்சு, இனி நான் வரமாட்டன் என்று சொல்லிவிட்டார். போனை வைத்த ராசமலர் வருடக்கணக்காக அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு, உடல் கிடைக்காத சாவுகள் குவிந்து கிடந்த அந்த வருடத்தில், அவற்றோடு இன்னொன்றைச் சேர்த்துவிட்டார். யார் போய் விசாரிப்பது?

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். என் தங்கை வீட்டில் இரண்டு பேருக்கு இன்றுவரை உடல் இல்லை. அவர்களுக்குப் பக்கத்தில் இந்தப் பொய்ச் சாவைக் கொண்டுவந்து கிடத்துகிறாளே என்று, நானே உண்டாக்கிய ஒரு பெண் மேல் எனக்குக் கோபம் வந்தது. நாள்கணக்கில் கதையைத் தொடவில்லை. பிறகு வேறு விதமாக யோசித்தேன். புருசன் விட்டுவிட்டுப் போனவள் என்றால் எங்கள் ஆட்கள் புத்தி சொல்ல வருவார்கள். புருசனை வன்னியில் இழந்தவள் என்றால் எழும்பி, உட்காரக் கதிரை கொடுப்பார்கள். ராசமலர் அந்தக் கதிரையில் இவ்வளவு காலமாக இருக்கிறார். எழும்பச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

(ஒஸ்லோத் தமிழருக்கு உண்மை தெரியாதா என்று கேட்பீர்கள். சில பேருக்குத் தெரியும். அவர்களும் திவசத்துக்கு வந்து வடை சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.)

4

முதல் மூன்று திவசத்தில் ஹரிசன் உண்மையாகவே அழுதான். அதற்குப் பிறகு, சுவீடனில் ஆடிய காலத்தில், ஒரு போட்டிக்காக அவனுடைய அணி டென்மார்க்குக்குப் போனது. ஆட்டம் முடிந்து நிமிர்ந்தபோது வாங்குகளின் மேல்வரிசையில் அப்பா நின்றார். பக்கத்தில் அவர் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பெடியன். அப்பா இவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பாதியில் இறக்கினார். இவன் ஆட்களை விலத்திக்கொண்டு மேலே ஏறிப் போனபோது அந்த இடத்தில் ஒரு ஜூஸ் பெட்டிதான் இருந்தது.

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் எடுத்தான்.

"அம்மா, நான் அப்பாவைக் கண்டனான்."

"நீ கண்டது வேறை ஆரையோ."

"என்னைப் பாத்துக் கையைத் தூக்கினவர் அம்மா."

"செத்த ஆக்கள் கை தூக்கமாட்டினம், ஹரிசன். பங்குனியிலை லீவு எடு. திவசத்துக்கு நீ நிக்கவேணும்."

நின்றான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருடமும் நின்றான். உயிரோடு இருக்கிற மனிதருக்குப் பிண்டம் வைத்தான். ஏன் என்று ஓரத்தில் எழுதி, கேள்விக்குறி போட்டு வைத்திருந்தேன். இப்போது ஒரு பதில் தோன்றுகிறது: அந்த ஒரு நாளில்தான் அந்த வீட்டில் அப்பாவின் பெயரைச் சொல்லலாம்.

5

இனி அந்தப் பெடியன்.

அவனுக்கு ஒரு மோசமான குணம் கொடுக்கப் பார்த்தேன். திமிர் பிடித்தவன், அண்ணனின் இடத்தைப் பிடிக்க வந்தவன் என்று. எழுத எழுத அவன் நல்லவனாகிக்கொண்டே போனான். விட்டுவிட்டேன். கிருஷிகன், இருபது வயது, டென்மார்க்கில் பிறந்து வளர்ந்தவன், சீசன் நடுவில் ஒஸ்லோ அணி ஒன்றுக்கு வந்து சேர்ந்தவன்.

வர்ணனையாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. போட்டிக்கு முன் கீழே இறங்கிப் போய், புதிதாக வந்த ஆட்டக்காரரிடம், உன் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்பார்கள். பட்டியலில் அந்தப் பெயரைக் கண்ட ஹரிசன் அன்று போகாமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று வீட்டில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. கூட வர்ணனை செய்யும் இங்வில் என்ற நோர்வேப் பெண்ணும் மைக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். ஹரிசன் நோர்வேஜிய மொழியில் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

பெடியன் தமிழில் பதில் சொன்னான். "அண்ணா, உங்கடை பேரும் அதுதானே. நீங்கள் எப்பிடிச் சொல்லுறியளோ அப்பிடியே சொல்லுங்கோ."

அண்ணா.

(இங்கே நிற்கவேண்டும். எங்கள் ஆட்களில் இருபது வயதுப் பெடியன், முப்பத்தைந்து வயது ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவான்? கடைக்காரரும் அண்ணா, பஸ் ஓட்டுகிறவரும் அண்ணா. தாயின் வயிற்றில் முதலில் பிறந்தவனுக்கும் அதே சொல்தான். பெடியனுக்குத் தெரியுமா, தெரியாதா என்று அந்தச் சொல்லைப் பிடித்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஹரிசனாலும் முடியவில்லை, எழுதிய என்னாலும் முடியவில்லை.)

"உங்கடை அப்பா எந்த ஊர் அண்ணா?"

"செத்திட்டார்."

ஊரைக் கேட்டதற்கு அவன் சொன்ன பதில் அது. பழக்கத்தில் வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அவன் காலம்காலமாகச் சொல்லி வந்த பதில் அதுதான்.

கிருஷிகன் பந்தை ஒரு தரம் நிலத்தில் தட்டிப் பிடித்தான். "ஸொறி அண்ணா." பிறகு, கண்ணை எடுக்காமல், "என்ரை அப்பா டென்மார்க்கிலை இருக்கிறார். முந்தி ஒருக்கா உங்கடை மட்ச் பாக்க என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர். எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லை."

விசில் கேட்டது. பெடியன் ஓடிவிட்டான்.

ஹரிசனுக்கு என்ன வேண்டும் என்று இத்தனை நாளும் எனக்கே தெளிவில்லாமல் இருந்தது. இந்த விசிலோடு தெளிந்தது. அந்தப் பெடியன் தன்னை இன்னொரு தரம் அண்ணா என்று கூப்பிடவேண்டும், அது மரியாதைக்காக இல்லாமல் இருக்கவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதற்குக் குகதாசன் உயிரோடு இருக்கவேண்டும். குகதாசன் உயிரோடு இருந்தால் ராசமலர் கதிரையை விட்டு எழும்பவேண்டும். மகனின் குரலுக்காக ஒரு போட்டியையும் விடாமல் பார்க்கிறவர் ராசமலர். அன்றைக்கும் ட்வெய்ட்டாவில் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் இருந்தார்.

6

ஆட்டம் நன்றாகவே போனது. கிருஷிகன் கெட்டிக்காரன். ஹரிசன் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டி வந்தது. குகதாசனுக்குப் பந்து. குகதாசன் இடதுபக்கம் திரும்புகிறார். குகதாசனைத் தடுக்க ஆள் இல்லை.

மூன்றாம் கால்பகுதியில் பயிற்சியாளர் ஆட்டத்தை நிறுத்திக் கேட்ட சின்ன இடைவெளியில், இங்வில் அவன் பக்கம் திரும்பினாள். நேரலை ஓடிக்கொண்டிருந்தது. "பார்க்கிறவர்கள் எல்லாரும் எழுதிக் கேட்கிறார்கள் ஹரிசன், நீங்கள் இருவரும் சொந்தமா? எனக்கும் ஒரு சந்தேகம். அவன் உன்னை அன்னா என்று கூப்பிட்டான். என் தங்கையின் பெயரும் அன்னா. உன் மொழியில் அதற்கு என்ன அர்த்தம்?"

இதற்கு நான் எழுதிப் பார்த்த பதில்கள்:

"அது சும்மா ஒரு மரியாதைச் சொல்." வெட்டிவிட்டேன். அந்தப் பதிவைப் பெடியன் இரவோ மறுநாளோ போட்டுக் கேட்பான். ஒரே நாளில் அப்பாவைச் சாகடித்து, தம்பியையும் இல்லை என்று சொல்ல ஹரிசனால் முடியாது.

"மூத்த சகோதரன். அவன் என் தம்பி." இதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. அரைப் பக்கம் ஓடினேன். இங்வில் கைதட்டினாள், கிருஷிகன் கீழே நின்று மேலே பார்த்தான், ட்வெய்ட்டாவில் ராசமலரின் போன் அடிக்கத் தொடங்கியது, எடுத்தால் ஒரு மனுசி, "என்ன ராசமலரக்கா, இண்டைக்கு ஹரிசன்" என்று

நிறுத்திவிட்டேன். அந்த மனுசி வசனத்தை முடிப்பதை என்னால் கேட்க முடியவில்லை.

கடைசியில் ஹரிசன் இதைச் சொன்னான்: "ஸ்தூரெப்ரூர் என்று அர்த்தம். மூத்த சகோதரன். ஆனால் எங்களில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியும் உண்மை. இரண்டையும் சேர்த்தால் பொய். இங்வில் சிரித்தாள். "அப்படியென்றால் ஒஸ்லோவில் உனக்கு எத்தனை தம்பிமார்!"

"எக்கச்சக்கம்," என்று ஹரிசனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பதிவில் கேட்டால் கேவலமாக இருக்கும். கிருஷிகன் ஃப்ரீ த்ரோவுக்கு வந்து நின்றான், ஹரிசன் மறுபடி குகதாசன் என்றான்.

போட்டி முடிந்ததும் பெடியன் வந்து தன் போன் இலக்கத்தைக் கொடுத்தான். "ஏதும் எண்டா அடியுங்கோ அண்ணா."

7

மறுநாள் ஹரிசன் ட்வெய்ட்டாவுக்குப் போனான். ராசமலர் மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டு எதிரில் இருந்தார்.

"பாத்தனான்," என்றார். "நல்லாத்தான் விளையாடுறான். எறிய முதல் ஒருக்கா நாடியைச் சொறியிறான். உன்ரை கொப்பரும் அப்பிடித்தான்."

ஹரிசன் சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தான்.

"நீ கெட்டித்தனமாத்தான் மறுமொழி சொன்னனி. ஆனா நான் ஐயரிட்டைச் சொல்லிப்போட்டன். வாற ஞாயிறு திவசத்துக்கு ரெண்டு பேருக்குப் பவித்திரம் முடியச் சொல்லி."

"ரெண்டு பேரோ?"

"ரெண்டு பிள்ளையள்தானே. அவனையும் கூட்டிக்கொண்டு வா."

(பவித்திரம் என்பது தர்ப்பைப் புல்லில் முடிகிற மோதிரம். பிதிர்க்கடன் செய்கிற மகன் அதை விரலில் போட்டுக்கொண்டுதான் இருப்பான்.)

"அம்மா, அவர் உயிரோடை இருக்கிறார்."

"ஆர்?"

"அப்பா."

"அப்ப நீ ஏன் இவ்வளவு வரியமும் எள்ளுத்தண்ணி இறைச்சனி?" ராசமலர் சத்தம் போடவில்லை. அவனுடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார். "எனக்காக ஒரு மகன் எள்ளிறைச்சு அவரைச் செத்தவராக்கினவன். மற்றவனும் ஒருக்கா இறைக்கட்டும். அவருக்கு அங்கை மகன் எண்டு ஒருத்தனும் மிஞ்சக்கூடாது."

"அவன் என்ன பாவம் செய்தவன், அம்மா?"

"நீ என்ன பாவம் செய்தனி?"

எழுதும்போது நான் எதிர்பார்க்காத வசனம் இது. ராசமலர் அந்தப் பெடியனை விரட்டுவார், அல்லது கட்டிப்பிடிப்பார், இரண்டில் ஒன்று என்று திட்டமிட்டு இருந்தேன். இரண்டையும் அவர் செய்யவில்லை. அவனைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறார். அந்த அழைப்பைப் போல ஒரு கொடுமை வேறு இல்லை. ஆனாலும் ஹரிசனுக்கு அதில் ஒரு ஆசை விழுந்துவிட்டது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் எழுதுகிறவள் ஆவேன். ஒரே பாயில், பக்கத்தில் பக்கத்தில், ஒரே அப்பாவின் பெயரைச் சொல்லி, தானும் தம்பியும். இதை விட்டால் அவர்கள் இருவரும் அண்ணன் தம்பியாக இருந்து எழும்ப வேறு இடம் இந்த உலகத்தில் இல்லை.

"இப்பவே அவனுக்கு மெசேஜ் போடு," என்றார் ராசமலர்.

8

ஹரிசன் கையைக் கழுவிவிட்டு வந்து, இளம் பிள்ளைகள் எழுதுகிற மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தான். தம்பி, வாற ஞாயிறு எங்கடை வீட்டிலை அப்பான்ரை திவசம். வருவியா?

பதில் உடனே வந்தது.

ஆற்ரை அப்பான்ரை, அண்ணா?

யாருடைய அப்பா என்று ஒன்றும் தெரியாதவன் கேட்டால் இது சாதாரணக் கேள்வி. தெரிந்தவன் கேட்டால் இதைவிடக் கொடிய கேள்வி இல்லை. ஹரிசனுக்கு ஒரு சொல்லில் பதில் போடவேண்டி இருந்தது. என்ரை என்றால் பெடியன் தப்பிவிடுவான், தம்பியும் போய்விடுவான். உன்ரை என்று போட முடியாது. அம்மா தோளுக்குப் பின்னால் நிற்கிறார். எங்கடை என்று போட்டு அனுப்பிவிட்டான்.

இந்தக் கதையைச் சென்னையில் ஒரு பத்திரிகைக்கு அனுப்பியிருந்தேன். அங்கே உதவியாசிரியராக இருக்கும் பெண் அன்பாக ஒரு குறிப்பு எழுதினார்: "மேடம், இந்த இடம் குழப்பமா இருக்கு. நாங்க 'நம்ம அப்பா'ன்னா கேக்கிறவரையும் சேர்த்துச் சொல்றோம். 'எங்க அப்பா'ன்னா அவர் வெளியே. உங்க 'எங்கடை'யில அந்தப் பையன் உள்ள இருக்கானா, வெளிய இருக்கானா? தெளிவா ஒண்ணைப் போட்டுடலாமா?"

அவர் கேட்டது நியாயம். ஆனால் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. எங்கடை அப்பா என்றால் எனக்கும் உனக்கும் அப்பா. எங்கடை அப்பா என்றால் எங்கள் வீட்டு அப்பா, நீ இதில் சேர்த்தி இல்லை. சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் நாங்கள் விளங்கிக்கொள்வோம். போனில் முகம் இல்லை. திருத்த முடியாது என்று அவருக்கு எழுதினேன். ஹரிசன் எதை நினைத்து அனுப்பினான் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

முடிவு எழுதச் சொல்லி இனி என்னிடம் கேட்காதீர்கள். கிருஷிகன் அந்தச் சொல்லை வாசித்துவிட்டான். நீங்களும் வாசித்துவிட்டீர்கள். அவன் உள்ளேயா, வெளியேயா?